புயல் அறுவரை எங்கிருந்து படிப்பது?

கொருக்குப்பேட்டையில் புயல் அறுவர் காமிக்ஸை ஒன்று முதல் அறுபது வரை முழுசாக வைத்திருந்த ஒரே ஆள் நான்தான், பீம்ராவ். கூட்ஸ் யார்டில் என்னை அதிகாரம் செய்ய ஒன்பது பேர். வீட்டில் ஒருத்தி. நான் ராஜாவாக இருந்தது அந்தக் காமிக்ஸ் பெட்டிக்கு மட்டும்.

இரண்டாயிரத்து மூன்றில் அந்த ஒருத்தி, என் மனைவி எழில்மொழி, ராயபுரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். காரணம் இருந்தால்தானே சொல்வேன்? நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் அவளே வந்து, அந்தப் பெட்டியில் அப்படி என்னதான் இருக்கிறது, படித்துப் பார்க்கிறேன், எங்கிருந்து ஆரம்பிக்கணும் என்று கேட்டாள்.

அன்று முழுக்க யோசித்தேன். ஒன்றாம் நம்பரில் அச்சு விலகி, வீரர்களின் உதடெல்லாம் கன்னத்தில் இருக்கும். பன்னிரண்டில் கேப்டன் செத்துப்போவார்; ஆள் யாரென்றே தெரியாமல் எப்படி அழுவது? பதினைந்தில் உயிரோடு திரும்பி வருவார். அங்கேதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன எண்ணம் வந்தது. பதினைந்திலிருந்து நாற்பது வரை, அறுவரில் ஒரே பெண்ணான சூறாவளி, கேப்டன் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டாள். எழில் அதைப் படித்தால் படிந்துவிடுவாள். வில்லங்கம் நாற்பத்தொன்றில். அதில் சூறாவளி கேப்டனை இறக்கிவிட்டுத் தானே தலைவி ஆகிவிடுவாள். அதை மட்டும் உருவி, நண்பன் ஞானதுரை வீட்டில் கொடுத்துவைத்துவிட்டு, பதினைந்திலிருந்து ஆரம்பி என்று எழிலிடம் சொன்னேன்.

எழில் தினமும் மூன்று புத்தகம் படித்தாள். மூடும்போதெல்லாம், கேப்டன் சொன்னால் சரியாகத்தான் இருக்கிறது என்றாள். கேட்காமலே டீ வந்தது. வேலைப் பேச்சே இல்லை. யார்டில் நெஞ்சை நிமிர்த்தி நடந்து சிக்னல் கம்பத்தில் இடித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் நாற்பதை முடித்தாள். ஆள் படிந்துவிட்டாள், இனி நாற்பத்தொன்றைப் படித்தாலும் பயமில்லை என்று புத்தகத்தை வாங்க ஞானதுரை வீட்டுக்குப் போனேன். இல்லை. நான் கொடுத்த மறுநாளே எழில் வந்து வாங்கிப்போனாளாம். விஷயத்தைச் சொல்லி எடுத்துக் கொடுத்தது அவன் மனைவி தேவப்பிரியம். அவளும் அதே எக்ஸ்போர்ட் கம்பெனியில்தான் தைக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. எண்ணூர் பக்கம் போகிற கூட்ஸ். ஐம்பது வேகன். அத்தனையும் போய் முடிகிறவரை நின்றேன். அழக்கூட அவகாசம் இருந்தது.

வீட்டில் எழில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு டிபன் பாக்ஸ். ஒன்றுதான் என்னுடையது. பெட்டி மேல் நாற்பத்தொன்று கிடந்தது.

"இத்த எப்ப படிச்சே?"

"மொதல்ல அதத்தான் படிச்சேன்."

"அப்போ ஒம்போது நாளா, கேப்டன் சொன்னா சர்யாத்தான் கீதுன்னு சொல்லிக்கினு இருந்தியே?"

அவள் மூடியைத் துடைத்துப் பொருத்தினாள்.

"சூறாவளியுந்தான்யா சொல்லிக்கினு இருந்தா. நாப்பது புக்கு வரிக்கும்."