எண்பதில் நின்ற முள்

ஜீப்பின் மீட்டரில் முள் எண்பதில் நின்றது. ஒரு ஷேர் ஆட்டோ ஜீப்பை நிதானமாக முந்திக்கொண்டு போனது.

பெரியண்ணன் ஆட்டோவைக் கவனிக்கவில்லை. முன்கம்பியை இறுகப் பிடித்தபடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருப்பவர், நிர்மலாதேவியின் அப்பா. மாப்பிள்ளை பார்க்க அரூர் வந்த மனிதர் வீட்டையும் பார்க்கவில்லை, நிலத்தையும் பார்க்கவில்லை. "வூடு எங்க ஓடிப் போவுது? வண்டியில ஊருல கொண்டாந்து வுடுங்க தம்பி, பேசிக்கிட்டே போலாம்" என்றார். பேசத்தான் இல்லை.

ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை தமிழ்மணிக்கு வியர்த்தது. பெண் பார்க்கப் போன அன்று நிர்மலாதேவி காபியை நீட்டிவிட்டு லேசாகச் சிரித்திருந்தாள். அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் என்று இருந்தான்.

"மாமா, மீட்டரு தப்புங்க. அம்பதுக்கு மேல போவலைங்க."

வேகமாக ஓட்டுகிறவன் எவனும் இதைத்தான் சொல்வான். பெரியண்ணன் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சரி, நிரூபித்துவிடலாம் என்று தமிழ்மணி ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் போனுமாக, வேகம் காட்டும் ஆப்பைத் தேடினான். அது திறப்பதற்குள் சார்ஜ் தீர்ந்தது. பெரியண்ணனின் கண்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாயின.

மாரண்டஹள்ளியில் இறங்கியவர் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "வூட்ல கலந்துட்டுச் சொல்றேன் தம்பி."

மறுநாள் காலை தமிழ்மணி நேராக மெக்கானிக் குப்புராஜின் பட்டறையில் போய் நின்றான்.

"என் வாழ்க்கையில வெளையாடிட்டியேடா."

"நானா வெளையாடினேன்? கெத்தா இருக்கும்னு பெரிய டயர் போடச் சொன்னது நீ. அப்ப முள்ளு கம்மியா காட்டுச்சு. சித்தேரி மேடு ஏறலைன்னு ஆக்சில்ல கியர மாத்தச் சொன்னதும் நீதான். இப்ப ஏத்திக் காட்டுது. மீட்டரு பாவம், அது என்ன பண்ணும்?"

குப்புராஜ் பழைய டப்பாவைத் துழாவி, மீட்டர் கேபிளின் முனையில் மாட்டும் சின்னப் பல்சக்கரம் ஒன்றை எடுத்து மாற்றினான். ஓட்டிப் பார்த்தார்கள். போன் ஐம்பது என்றது. முள் முப்பதைத் தாண்டவில்லை.

"இப்ப கம்மியா காட்டுதேடா."

"சரியான பல்லு வேணும்னா சேலத்துல இருந்துதான் வரணும். சொல்லட்டா?"

தமிழ்மணி யோசித்தான். மெல்ல ஒரு களவாணிச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "வேணாம். இதே இருக்கட்டும்."

அடுத்த வாரம் பெரியண்ணன் கூப்பிட்டார். "நானும் வூட்லயும் தருமபுரி வரை போவணும். வண்டி எடுத்தாங்க தம்பி." இரண்டாவது பரீட்சை என்று தமிழ்மணிக்குப் புரிந்துவிட்டது. பெரியண்ணன் முன்னால் ஏற, அவர் மனைவி அமுதவல்லி பின்னால் உட்கார்ந்தார். முள் முப்பதில் நின்றது. அதுவும் போதாதென்று தமிழ்மணி காலைத் தளர்த்தி இருபதுக்கு இறக்கினான். புல்லுக்கட்டோடு போன ஒரு மொபெட் ஹாரன் அடித்து முந்தியது.

பெரியண்ணன் குனிந்து மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"வண்டிக்கு ஏதாச்சும் கோளாறா தம்பி?"

"இல்லீங்க மாமா, நல்ல கண்டிஷன்ல இருக்குது."

"அன்னிக்கி எம்பதுல..."

"அதுதான் மீட்டரு கோளாறுங்க, சரி பண்ணிட்டேன். நான் எப்பவுமே இப்படித்தானுங்க ஓட்டுறது."

"ஓ" என்றார் பெரியண்ணன்.

பாலக்கோடு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். அங்கே புறப்படத் தயாராக நின்ற தருமபுரி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.

தமிழ்மணி பதறிப்போய்ப் பின்னால் திரும்பினான். "அத்தை, இன்னும் மெதுவா போயிருக்கணுமாங்க?"

அமுதவல்லி பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"எம்பதுல போயிக்கிட்டே போன வேற நோண்டறான், வண்டி இம்மி கூட அலுங்கல, தக்காளி அழுகறதுக்குள்ள ஓசூர் கொண்டு போய்ச் சேத்துருவான்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டு, இன்னிக்கி முகூர்த்தப் பொடவை எடுக்கத்தான் தம்பி கூட்டியாந்தாரு. இருபதுல போறதுக்கு எங்க வூட்ல டிராக்டரே இருக்குதே."