வெந்நீர்க் குளமும் நான்காம் தீர்மானமும்

என் வீட்டில் எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். முப்பது ஆண்டுகளாகத் துண்டறிக்கை எழுதுகிறவன் நான். வரிசை தவறினால் படிப்பவர் நம்பமாட்டார்.

முதலாவது: திருமணத்தன்று மாலை மாற்றி முடிந்ததும், இல்லறமும் ஒரு களமே என்று நாற்பது நிமிடம் பேசத் திட்டமிட்டிருந்தேன். ஏழாவது நிமிடத்தில் மணப்பெண் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்றாள். என் பேச்சுக்குக் கிடைக்காத கைதட்டல் அந்த மூன்று சொல்லுக்குக் கிடைத்தது.

இரண்டாவது: மகன் பிறந்த பதினோராம் நாள், பேருந்து நிலையத்துக்காக மறியல் செய்து கைதாகி, கல்யாண மண்டபம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்தேன். போலீஸ் கொடுத்த தக்காளிச் சோற்றைத் தின்றுவிட்டு மாலையில் வீடு திரும்பினால், பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. மறியலரசன் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். சித்தார்த்தன் என்று எழுதிவிட்டாள்.

மூன்றாவது: என் துண்டறிக்கை எண்ணூறு பிரதிகளை மாடியில் விரித்து, அதன்மேல் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, காயவைத்தாள். கேட்டதற்கு, மிச்சம் இருந்ததுதானே என்றாள். மிச்சம் இருந்தது உண்மைதான். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நான்காவது: என் கை ஒலிபெருக்கியைப் பையனிடம் விளையாடக் கொடுத்தாள். இரண்டரை வயதுப் பயல் தினமும் காலையில் அதை வாயில் வைத்து, "அப்பா பல்லு வெளக்கல" என்று தெருவுக்கே அறிவிக்கிறான்.

ஐந்தாவதுதான் இந்தக் கதை.

என் பெயர் விருத்தாசலம். ஊர் திண்டிவனம். மக்கள் உரிமைப் பேரவையின் மாவட்டச் செயலாளர். இருபத்தாறு ஆண்டுகளாக மாவட்டச் செயலாளர். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் மாநிலப் பொறுப்புக்குப் போனார்கள். சிலர் பெரிய கட்சிகளுக்குப் போனார்கள். இரண்டு பேர் போயே போய்விட்டார்கள். நான் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. போராட்டம் முடியட்டும் என்று காத்திருந்ததில் நாற்பத்தேழு வயதில்தான் கல்யாணம் ஆனது. மனைவி அம்சவள்ளி, என் துண்டறிக்கைகளை அச்சகத்தில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவள். இன்றும் அவள்தான் அடிக்கிறாள். எழுதிய எனக்கு மறந்துபோன வரிகள்கூட அவளுக்கு மனப்பாடம். இது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

பேரவைக் கூட்டங்களுக்கு வெளியூர்ப் பேச்சாளர்கள் வருவார்கள். அவர்களுக்கு விழுப்புரம் வெண்நாரை ஓட்டலில் அறை போட்டுக்கொடுப்பது என் வேலை. முதல்முறை போனபோது கவுன்ட்டரில் போன் நம்பர் கேட்டார்கள். எதிரே சோபாவில் ஒருவர் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை அரைமணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். உளவுத்துறை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் ஓட்டல் மேனேஜரின் மாமனார் என்பதும், குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் பின்னால் தெரிந்த விஷயம். என் நம்பரைக் கொடுக்க நான் என்ன ஏமாளியா? மனைவியின் நம்பரையும் மனைவியின் பெயரையும் கொடுத்தேன். அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சியில் அன்று குடித்த டீகூடக் கூடுதலாக இனித்தது.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள். ஒவ்வோர் அறைக்கும் அதே நம்பர், அதே பெயர்.

போன டிசம்பர் முதல் வாரம் அம்சவள்ளியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அடிக்கடி தங்குகிறவர்களுக்கு அந்த ஓட்டல் புள்ளிகள் கொடுக்குமாம். புள்ளிகள் சேர்ந்தால் இலவசமாகத் தங்கலாமாம். அவள் பெயரில் மலைபோலக் குவிந்து கிடக்கிறதாம். ஆண்டு முடிவதற்குள் பயன்படுத்தாவிட்டால் எல்லாம் காலாவதி. இதே ஓட்டலுக்குக் கோட்டக்குப்பம் கடற்கரையில் ஒரு கிளை இருப்பதையும், அங்கே குழந்தைகளுக்கென்று சின்னதாக ஒரு வெந்நீர்க் குளம் இருப்பதையும் அவளே கண்டுபிடித்தாள்.

இங்கே என் மகனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனுக்குத் தண்ணீர் என்றால் உயிர். தண்ணீருக்கும் அவன் நெஞ்சுச் சளிக்கும் அதைவிட நெருக்கம். பனி இறங்கிவிட்டால் மூச்சு கர்கர் என்று இழுக்கும். வெந்நீரைத் தவிர வேறு தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு குண்டான் வெந்நீர் ஊற்றி முடிப்பதற்குள், இன்னும் வேண்டும் என்று அழுவான். தினமும் அதே அழுகை.

"ரெண்டே நாளுங்க," என்றாள் அம்சவள்ளி. "இருபத்தேழு, இருபத்தெட்டு. அவன் ஆச தீர தண்ணில கெடக்கட்டும். நானும் ரெண்டு நாளு அடுப்புப் பக்கம் போவாம இருக்கேன். நீங்களும் வாங்க. கல்யாணமாகி நாம எங்கயும் போவல."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னு கலெக்டர் சொன்னா நீங்க என்னா பண்ணுவீங்க?"

"மறியல் பண்ணுவேன்."

"அப்ப பாத்து சொல்லுங்க. பதினஞ்சாந் தேதி வரைக்கும் டைம்."

என் நெஞ்சில் வேறு பாரம் இருந்தது. அதே இருபத்தேழு, இருபத்தெட்டில் விழுப்புரத்தில் பேரவையின் மாநிலக் குழு கூடுகிறது. தலைவர் தென்னரசு வருகிறார். இருபத்தெட்டாம் தேதி காலையில் புதிய மாநிலத் துணைத் தலைவரின் பெயரை மேடையில் வாசிப்பார்கள். இந்தமுறை உங்கள் மாவட்டத்துக்குத்தான் என்று தலைவரே போனில் சொல்லியிருந்தார். எங்கள் மாவட்டத்தில் அதற்குத் தகுதியானவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் பொருளாளர் ஆரோக்கியராஜ். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பவன்.

எத்தனையோ மைக்கில் பேசியிருக்கிறேன். என் பெயரை வேறொருவர் வாயால், கூட்டத்தின் முன், ஒருமுறை கேட்கவேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அந்தப் பதற்றத்தில், தலைவருக்குப் பெரிய அறை ஒன்றை என் சொந்தச் செலவில் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். சொந்தம் என்று என்னிடம் இருந்ததே ஒரு சைக்கிளும் ஓர் ஒலிபெருக்கியும். ஒலிபெருக்கியும் இப்போது பையனிடம்.

யோசித்தேன். புள்ளிகள் யாருக்காகப் போட்ட அறைகளில் வந்தவை? இயக்கத்துக்காக. ஆகவே இயக்கத்துக்கே. இப்படி நினைத்ததும் மனம் லேசானது.

பதினான்காம் தேதி காலை. அம்சவள்ளி பின்கட்டில் வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். என் போனிலிருந்து ஓட்டலுக்குப் பேசி, விழுப்புரத்தில் தென்னரசு பெயரில் இரண்டு நாள், புள்ளியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அது போனது அவள் போனுக்கு. அவள் போன் இருந்தது மகன் கையில். அதில் யானை ஒன்று பாடிக்கொண்டிருந்தது.

ஒரு பிஸ்கட் கொடுத்துக் கேட்டேன். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான். போன் வரவில்லை. இரண்டாவது கொடுத்தேன். தலையை ஆட்டினான். முப்பது ஆண்டுகளில் எந்த அதிகாரியும் என்னிடம் இவ்வளவு கறாராக நடந்துகொண்டதில்லை. மூன்றாவது பிஸ்கட்டுக்குத்தான் பேச்சுவார்த்தை முடிந்தது. ஆறு எண்களையும் படித்துச் சொன்னேன். செய்தியை அழித்தேன். யானையைப் பாடவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீக்கடைக்குப் போனேன்.

மறுநாள் மாலை அவளிடம், கோட்டக்குப்பத்தில் அறை நிரம்பிவிட்டதாம் என்றேன்.

"சரிங்க," என்றாள்.

அவ்வளவுதான். கோபமில்லை, கேள்வியில்லை. மனுவை நீட்டியவுடன் சரி என்று சொல்லும் அதிகாரியைப் பார்த்து நான் எப்போதும் பயப்படுவேன். அவர் அதற்கு முந்தின நாளே உத்தரவு போட்டிருப்பார்.

அடுத்த பன்னிரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. அவள் போன் ஒலித்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். பையன் இருமினால் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் இருந்தது. மாநிலக் குழுவுக்கான தீர்மானங்களை எழுதி அவளிடம் கொடுத்தேன். அதில் நான்காம் தீர்மானம் என் பெருமை: பொறுப்பாளர் எவரும் எந்த நிறுவனத்திடமும் சலுகையோ பரிசோ பெறக்கூடாது. மீறினால் பொறுப்பு பறிக்கப்படும். அடித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"சலுகை, பரிசு, புள்ளின்னு சேத்துடட்டுங்களா?"

வேண்டாம், சலுகை என்றாலே அதுவும் அடங்கிவிடும் என்றேன். என்ன சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறாம் தேதி, கொடியில் ஒரு காற்றடைக்கும் மிதவை வளையம் காய்ந்தது. என்ன இது என்றேன். கோட்டக்குப்பம்தான் இல்லையென்று ஆகிவிட்டது, நாளைக்கு மயிலத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறேன், வெயிலில் தொட்டி வைத்து இவனை உட்காரவைப்பேன் என்றாள். கடைவீதிக்குப் போய் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாத்து வாங்கினேன். இயக்கத்துக்காக அல்லாமல் நான் வாங்கிய முதல் பொருள் அது. கொடுக்கக் கூச்சப்பட்டுச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இருபத்தேழு. விழுப்புரம். நான்காம் தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். ஆரோக்கியராஜ் வழிமொழிந்தான். கைதட்டலில் நிறைவேறியது. இதை எழுதிய கை சுத்தமான கை என்று தலைவர் மேடையில் சொன்னார். சுத்தமான கையைச் சட்டைப் பைக்குள் விட்டேன். வாத்து கீச்சென்றது.

மாலை ஐந்து மணிக்குத் தலைவரை அறையில் கொண்டுபோய் விட, மாநிலக் குழுவினர் இருபது பேரும் ஓட்டலுக்கு வந்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். அண்ணன் சொந்தச் செலவுல எடுத்த ரூமைப் பாக்க வேணாமா என்றான் ஆரோக்கியராஜ்.

கவுன்ட்டர் பெண் திரையைத் தேடினாள். "தென்னரசுங்கிற பேர்ல ரூம் இல்லைங்களே சார்."

"நல்லா பாரும்மா. பதினாலாந் தேதி நானே போட்டது."

"போட்டிருக்கு சார். அன்னைக்கே மெம்பர் பேசி மாத்திட்டாங்க. பாயின்ட்ஸ் எல்லாம் கோட்டக்குப்பத்துக்குப் போயிடுச்சு."

"என்னா பாயின்ட்ஸு அண்ணே?" என்றான் ஆரோக்கியராஜ்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். யாரையாவது நீக்குவதற்கு முன்னால்தான் அவர் அப்படித் துடைப்பார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் சந்தேகம் நம்மேல் விழுந்தால் குரலை உயர்த்து என்பது என் பழக்கம். ஏதோ சதி நடந்திருக்கிறது என்றேன். "அந்த ரூம்ல யார் யார் பேரு இருக்குன்னு எல்லார் முன்னாலயும் படிம்மா. இவங்க இருபது பேரும் சாட்சி."

உறுப்பினர் வாயால் சம்மதம் சொல்லாமல் படிக்கமுடியாது என்று அந்தப் பெண் தயங்கினாள். பிறகு உறுப்பினரின் நம்பரை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். அடுத்து என் மகனின் சிரிப்பு. அதில் இழுப்பு இல்லை. இரண்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை. பிறகு அம்சவள்ளி.

நான் கவுன்ட்டர்மேல் குனிந்து, மயிலம் என்றுதானே சொன்னாய் என்றேன்.

"மயிலத்துல எறங்கி அம்மாவைப் பாத்துட்டுத்தாங்க அடுத்த பஸ் ஏறினேன். பொய் சொல்லல. அன்னைக்கி நீங்க ஓடிபிய அழிச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க. ரூம் உறுதின்னு இன்னொரு மெசேஜ் பின்னாலயே வந்துச்சு. யானை பாட்டு நின்னுபோச்சுன்னு புள்ள போனைக் கொண்ணாந்து என் கையில குடுத்துச்சு."

மூன்று பிஸ்கட் தின்றவன்.

"மனு குடுத்தேன். கெடு குடுத்தேன். ரெண்டுக்கும் பதிலில்லன்னா களத்துல எறங்குன்னு நீங்க எழுதி, நான் அடிச்சதுதான. எறங்கிட்டேன். இவன் ஒரு மணி நேரமா குளிச்சிக்கினு இருக்கான். தண்ணி இதமா கீது."

பின்னால் யாரோ கைதட்டினார்கள். திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"பேரைப் படிக்கச் சொல்றாரு மேடம்," என்றாள் கவுன்ட்டர் பெண்.

"தாராளமா படிம்மா. பேரு படிச்சா அவருக்குப் புடிக்கும். கொஞ்சம் சத்தமா படி."

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மெம்பர், அம்சவள்ளி. அவங்கள சார்ந்து இருக்கிறவங்க ரெண்டு பேரு. ஒண்ணு, சித்தார்த்தன், ரெண்டரை வயசு. வந்தாச்சு. இன்னொருத்தர் இன்னும் வந்து சேரல." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பேரையும் படிம்மா," என்றார் தலைவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

இருபத்தாறு ஆண்டுகளாக நான் எதிர்பார்த்தபடியே, கூட்டத்தின் முன், வேறொருவர் வாயால், தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி:

"விருத்தாசலம்."