சீலைக்கடையிலிருந்து புறப்பட்ட செய்மதி

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் ராகுவுக்கு ஒரு பிரதிநிதி இருந்தார் என்றால் அது எங்கள் பஞ்சாங்கத்தார்தான். நல்ல நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். வந்த தும்மலையும் மூக்கைப் பொத்தி நிறுத்தி வைப்பார். நான் வேலை பார்த்த, ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடையில் அவர்தான் வான் சாரதி. இப்படி ஒருவரைச் சாரதியாக வைத்து வியாபாரம் செய்த கடை உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான்.

ஒருமுறை சென் தெனியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். பச்சை விழுந்தது. வான் அசையவில்லை. பின்னால் வரிசையாக ஹோர்ன் சத்தம்.

"அண்ணை, பச்சை!"

"தெரியுது தம்பி. எமகண்டம் முடிய இன்னும் ஒரு நிமிசம் கிடக்கு."

"இவ்வளவு நேரமும் எமகண்டத்திலைதானே ஓடினியள்?"

"ஓடுறது வேறை. நிண்டு வெளிக்கிடுறது வேறை."

பாரிஸில் மார்கழி மாதம் சூரியனே ஒன்பது மணிக்குத்தான் எழும்புகிறது, இந்த நேரமெல்லாம் இங்கே எப்படிச் சரிவரும் என்று கேட்டால், "அது சூரியன்ரை பஞ்சி. ராகு நேரத்துக்கு வருவான்" என்பார்.

இவருடைய கையில்தான் ஒரு நாட்டின் மானம் வந்து விழுந்தது.

அது குட்டித் தீவு நாடு. பெயரைச் சொன்னாலும் வரைபடத்தில் தேடத்தான் வேண்டும். அந்த நாட்டு மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து தங்கள் நாட்டின் முதல் செயற்கைக்கோளை, எங்கள் பேச்சில் செய்மதியை, செய்திருந்தார்கள். ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவுதான் இருக்கும். ரொக்கெட்டின் அதிர்வைத் தாங்குமா என்று குலுக்கிப் பார்க்கும் வசதி அங்கே இல்லாததால் சென் தெனிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கிருந்து செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு எடுத்து, ஐந்து மணிக்கு முன் விமான நிலையத்தில் ஒப்படைக்கும் வேலை எங்கள் கடைக்கு வந்தது. தவறினால் ரொக்கெட்டில் அவர்களுடைய இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

செவ்வாய் மூன்று மணி! சுத்த ராகுகாலம்.

வேறு சாரதி இல்லை. நான் தலையில் கை வைத்தேன். பஞ்சாங்கத்தாரோ அன்று காலையிலேயே வழி கண்டுபிடித்துவிட்டார். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள் தங்கள் பொருள் ஒன்றை அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். மாணவர்களின் தலைவி அமினா விவரம் சொல்லக் கடைக்கு வந்தபோது, செய்மதியின் பொருள் ஏதாவது தா என்று தன் பிரெஞ்சில் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, செய்மதிப் பெட்டியின் சாவியைக் கொடுத்தாள். நல்ல நேரத்தில் சாவி பக்கத்துச் சீலைக்கடைப் பிள்ளையார் படத்தின் முன் போய் இருந்தது.

மூன்று மணிக்கு அமினாவையும் ஏற்றிக்கொண்டு வானை எடுத்தபோது போனில் பெருமையாகச் சொன்னார்: "செய்மதி காலமையே வெளிக்கிட்டிட்டுது தம்பி. நாங்கள் சும்மா பின்னாலை போறம்."

நாலு மணிக்கு விமான நிலையத்திலிருந்து மறுபடி போன். இந்த முறை குரலில் பெருமை இல்லை.

"தம்பி, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுறாங்கள்."

"காட்டுங்கோவன்."

"திறப்பு பிள்ளையாரிட்டை."

மாற்றுச் சாவி தீவில். பூட்டை உடைத்தால் உள்ளே எது உடையுமோ தெரியாது. நான் சீலைக்கடைக்கு ஓடினேன். சீலைக்கடை அக்கா கதிரையிலிருந்து எழும்பவே இல்லை.

"ராகுகாலத்திலை பரஸ்தானம் எடுக்கிறதோ? நாலரைக்குப் பிறகு வாரும்."

நாலரைக்குப் பிறகு எடுத்தால் ஐந்துக்குள் எப்படிப் போவது? போனை ஒலிபெருக்கியில் போட்டு, நீங்களே சொல்லுங்கள் அண்ணை என்றேன்.

"தங்கச்சி சொல்லுறது சரிதானே தம்பி" என்றாரே பார்க்கலாம்! எனக்கு வந்த கோபத்துக்கு, செய்மதிக்குப் பதிலாக அவரையே ரொக்கெட்டில் ஏற்றியிருப்பேன்.

அப்போது போனுக்குள் ஓர் அழுகை கேட்டது. அமினா.

"திறப்பைக் குடு தங்கச்சி" என்றார் பஞ்சாங்கத்தார். "பிள்ளை அழுகுது. வாறது என்ரை தலையிலை வரட்டும்."

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை லா ஷப்பல் அதற்கு முன் கேட்டதில்லை. அக்கா கதிரையிலிருந்து எழும்பிப் போய்ச் சாவியை எடுத்து நீட்டினார். நான் கார் து நோர் நிலையத்துக்கு ஓடி ரயில் பிடித்து, மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன். கதவை அடைக்கும் தறுவாயில் பெட்டி உள்ளே போயிற்று.

ராகுகாலத்தில் சாவி எடுத்த பழி செய்மதியைத் தாக்கக்கூடாதென்று, அது பேசும்வரை இறைச்சி தொடுவதில்லை என்று பஞ்சாங்கத்தார் விரதம் பிடித்தார். ஆட்டிறைச்சி றோல்ஸ் என்றால் உயிரை விடுகிறவர். மாதக்கணக்கில் மரக்கறி றோல்ஸைக் கடித்துவிட்டு எங்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். ரொக்கெட் போனது. ஒரு சனிக்கிழமை கடையில் போன் அடித்தது. அமினா! செய்மதியின் முதல் சத்தம் வந்துவிட்டதாம். தீவே ஆடிப்பாடுகிறதாம்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் பஞ்சாங்கத்தார்.

காலை பத்து மணி என்றாள். சனி பத்து மணி, நடு ராகுகாலம். பஞ்சாங்கத்தை விரித்தவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி வைத்தார்.

"பிள்ளை பேசத் தொடங்கினதுக்கு நேரம் பாக்கிறதோ? போய் ரெண்டு ஆட்டிறைச்சி றோல்ஸ் வாங்கி வாரும்."

அவர் இப்போது ஓய்வுபெற்று, பாரிஸுக்குப் பக்கத்தில் லெ பிளாங்-மெனிலில் இருக்கிறார். நான் எங்காவது பயணம் போவதென்றால், அவர் கேட்பதற்கு முன்னமே என் குடையையோ தொப்பியையோ அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நேரங்காலத்தில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் நான் வீட்டைப் பூட்டும் முன்பே, என் குடையோடு ஒருவர் எனக்காகப் புறப்பட்டு நிற்கிறார் என்று நினைக்க நன்றாக இருக்கிறது.