கால் படாத ஊருக்கு ஒரு ரவுண்டு

பாசத்துக்குரிய மருமகளுக்கு, உன் தாய்மாமன் ஆசியுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே என் வீட்டில், என் நாற்காலியில், நலமாகச் சாய்ந்திருக்கிறேன். நீயும் அந்த ஊரில் அதே மாதிரி இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். விஷயம் என்னவென்றால், நடந்ததெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. சொன்னேன், அவ்வளவுதான்.

உன் அம்மா போன மாதக் கடைசியில் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். டெப்போவே திரண்டு வந்து அழுதது, நாலாயிரம் பேர் இருக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கையில் பையோடு என் வாசலில் நிற்கிறாள். "அண்ணா, வண்டிய எடு." "எங்க?" "எடேன், சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்." நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த ரவுண்டு ஆயிரத்து நூறு கிலோமீட்டர் என்பது எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் மாற்று வேட்டி எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

உனக்கே தெரியும், முப்பத்தோரு வருஷம் நான் ஓட்டிய பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் அவள்தான் கண்டக்டர். ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. எங்களுக்குள் அதற்கு மேல் பேச்சு கிடையாது, சண்டையும் கிடையாது. காரிலும் அப்படியே கதவைத் தட்டிக்கொண்டு வந்தாள், நானும் மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டரில் பறந்தேன். ஆனால் கையும் காலும் பழக்கப்பட்டதல்லவா, சாலையில் எங்கே பஸ் ஸ்டாப் வந்தாலும் வண்டி தானாக ஓரம் கட்டி நின்றது. பன்னிரண்டாவது ஸ்டாப்பில் ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர் ஒருவர் ஆளுயரக் கண்ணாடியோடு பின்கதவைத் திறந்து ஏறிவிட்டார். இறங்கச் சொல்லியிருக்க வேண்டியவள் உன் அம்மா. அவளோ திரும்பிக்கூடப் பார்க்காமல், "உள்ள தள்ளி உக்காருங்க, எங்க இறங்கணும்?" என்று கேட்டுவிட்டு இரண்டு தட்டு தட்டினாள். நானும் எடுத்துவிட்டேன். தட்டிவிட்டால் எடுக்காமல் இருக்க என் காலுக்குத் தெரியாது.

அந்த மனுஷர் நல்லவர். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "யாரப் பாக்கப் போறீங்கம்மா?" காலையிலிருந்து நான் கேட்டுப் பதில் வராத கேள்வி. அவருக்கு உடனே பதில் சொன்னாள்: "என் பொண்ண."

"சொல்லிட்டுத்தானே போறீங்க?"

"சொல்லல. பேசி ஆறு வருஷமாச்சு."

"அப்ப அவங்க வீட்ல இல்லாட்டி?"

"இல்லாட்டி ஊரப் பாத்துட்டு வந்துடுவேன்."

"கால் படாதுன்னு சொன்ன ஊரையா?" என்று நான் கேட்டேன். நீ டெப்போ வேலைக்கான விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாடக மேடைக்கு விளக்குப் போடப் போகிறேன் என்று கிளம்பிய அன்று, "அந்த ஊர்ல என் கால் படாது"ன்னு அவள் கத்தினாள். "படவேணாம், நானும் கூப்பிட மாட்டேன்"ன்னு நீ கத்தினாய். நடுவில் நான் நின்றேன். இரண்டு பேரும் சொன்னால் சொன்னதுதான். அந்த ரத்தம் உன் அப்பா வழி, எங்கள் பக்கம் கிடையாது.

கண்ணாடிக்காரர் அவர் ஸ்டாப்பில் கண்ணாடியோடு இறங்கிக்கொண்டார். உன் ஊரின் எல்லைப் பலகை தெரிந்ததும் உன் அம்மா செருப்பைக் கழற்றினாள், இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து தண்ணீர் வாங்கவும் இறங்கவில்லை, வேறெதற்கும் இறங்கவில்லை. சிக்னலில் ஒரு போலீஸ்காரர் குனிந்து பார்த்து, "அம்மாவுக்குக் கால்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார். "இல்ல சார், கொள்கை" என்றேன். அவர் எனக்கு சல்யூட் அடித்தார்.

நான் வழி கேட்க ஓரம் கட்டினால் அவள் விடவில்லை. "நேரா போ. பாலத்துல ஏறாத, போன மாசம் ஒருவழி ஆக்கிட்டாங்க. மார்க்கெட் பக்கம் குழாய் போடத் தோண்டியிருக்காங்க, ஆஸ்பத்திரி வழியா போ."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல போட்டிருந்துச்சு."

"நம்ம பேப்பர்ல இதெல்லாம் வராதே?"

அதற்குப் பிறகுதான் சொன்னாள். ஆறு வருஷமாக உன் ஊர்ப் பேப்பருக்குச் சந்தா கட்டி, டெப்போ விலாசத்துக்கு வரவழைத்திருக்கிறாள். தபாலில் மூன்று நாள் பழசாக வரும். அவள் சாப்பாட்டு டப்பாவைச் சுற்றத்தான் பழைய பேப்பர் வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். உன் ஊரில் மழை பெய்து மூன்று நாள் கழித்துத்தான் அவள் கவலைப்பட்டிருக்கிறாள். மருமகளே, இதை எழுதும்போது எனக்கே என்னவோ செய்கிறது. காற்றில் தூசு ஜாஸ்தி.

உன் கட்டடத்தின் எதிரே வந்ததும் ஒரு தட்டு. நின்றேன். மூன்றாம் மாடி பால்கனியில் நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். தலைமுடியை வெட்டியிருக்கிறாய். உன் அம்மா நேரே சாலையைப் பார்த்தபடி, கண்ணை மட்டும் மேலே திருப்பி, "கறுப்புச் சட்டைய வெயில்ல போடறா பாரு, வெளுத்துடும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எளைச்சுட்டா" என்றாள்.

"இறங்கலாமா?"

"யாரு கூப்பிட்டா?"

"நான் போய் மணி அடிக்கட்டா?"

"அடிச்சேன்னா நான் நடந்தே ஊருக்குப் போயிடுவேன்."

"நடக்கணும்னா கால் கீழ படணுமே தங்கச்சி."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நீ வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அவள் அந்தக் காலிப் பால்கனியையே நாற்பது நிமிஷம் பார்த்தாள். பிறகு இரண்டு தட்டு தட்டினாள். வண்டியைத் திருப்பி, எங்கும் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தோம். உன் அம்மா நலம், அவள் வீட்டில் தூங்குகிறாள். நடந்தது உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன். கோபப்படாதே.

உன் விளக்குகள் ஒன்றுகூட அணையாமல் எரியட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு என்று முழுமனதோடு வாழ்த்தும்,
உன் ஒரே தாய்மாமன்.

பின்குறிப்பு: உறையில் தபால்தலை இல்லாததைக் கவனித்திருப்பாய். மேலே எழுதியதில் நூற்றெண்பது கிலோமீட்டரையும் சல்யூட்டையும் நீயே குறைத்துக்கொள்வாய், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டு தட்டு பொய். அவள் தட்டவில்லை. தட்டாமல் நான் எப்படி எடுப்பேன்? இன்னும் உன் வாசலில்தான் நிற்கிறோம். கார் சூடாகிவிட்டது, இன்ஜினைப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லி, பானட்டைத் திறந்து வைத்து அதன் மறைவில் எழுதுகிறேன். உன் வாட்ச்மேன் கொண்டுவந்து தருவார். நீ கூப்பிடாவிட்டாலும் அவள் இறங்கிவிடுவாள் என்றுதான் தோன்றுகிறது. சம்மணத்திலிருந்து ஒரு காலைக் கீழே விட்டிருக்கிறாள், கதவுப் பிடியில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். அதற்குள் நீ பால்கனிக்கு வந்து, "அம்மா"ன்னு ஒரு குரல் கொடுத்துவிடு. அவள் ஜெயித்த மாதிரி இருக்கட்டும். சீக்கிரம்.