உறுதிமொழிக் குழுவும் படுத்துக் கிடந்த பதினான்கு பேரும்

யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்று நானே என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. (இப்போது சொல்வதில்லை. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.)

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டு வந்து, எதில் வைத்தோம் என்று அப்புறம் ஊரெல்லாம் விசாரிப்பார்கள். அதனால் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் எனக்குக் கொடுத்த உத்தியோகம் சந்தேகப்படுவதுதான். உர மூட்டையில் அச்சடித்தது, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல ஏதோ கீது" என்பேன். அப்பா பெருமையாகத் தலையாட்டுவார். நான் எம்.ஏ. பொது நிர்வாகம் முடித்தபோது அந்தக் குணமும் கூடவே முதுகலை முடித்திருந்தது.

இந்தத் தகுதியோடுதான் எங்கள் எம்.எல்.ஏ.விடம் உதவியாளனாகப் போய்ச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்க்கிறேன், சரிப்பட்டால் வைத்துக்கொள்கிறேன் என்றார். நான் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் ஊரில் அப்பா, "பையன் சட்டசபையில கீறான்" என்று சொல்லி முடித்திருந்தார். இனி அந்த வேலை போனால் என்னைவிட அவர்தான் தலைகுனிய வேண்டும்.

எம்.எல்.ஏ. ஐயா பழைய காலத்து மனிதர். அதை அவர் மறைத்ததே இல்லை. கிரிவலப் பாதையில் இரவு பத்து மணிக்கு மேல் கடை கூடாது. லாட்ஜில் அறை கேட்கும் ஜோடியிடம் கல்யாணச் சான்றிதழ் கேட்காமல் சாவி தரக் கூடாது. பள்ளிக்கூடத்தில் செல்போன் கூடாது. வாத்தியார் கையில் பிரம்பு மட்டும் கூடும். எந்த விஷயத்தில் எப்போது என்ன சொன்னார் என்பதை எழுதிவைக்க 'நிலைப்பாடுகள்' என்று ஒரு ஃபைல் உண்டு. அதைப் பராமரிப்பது என் வேலை. அதில் பாதி எனக்கு ஒத்துவராது (பிரம்பைப் பற்றி என் உள்ளங்கைக்குத் தனிக் கருத்து இருந்தது). ஆனால் மதுக்கடை வேண்டாம் என்பதில் நான் முழுக்க அவர் கட்சி. எங்கள் சித்தப்பா ஒருவர் போதும் அதற்கு.

ஐயா சட்டசபையில் அரசு உறுதிமொழிக் குழுவில் உறுப்பினர். சபையில் ஓர் அமைச்சர் 'ஆவன செய்யப்படும்' என்று சொல்லிவிட்டால், ஆவன செய்தார்களா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற குழு அது. சந்தேகப்படுவதற்கென்றே சர்க்கார் ஒரு குழு வைத்திருக்கிறது என்று தெரிந்த அன்று, நான் பிறந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது போல இருந்தது.

பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் ஒரு மதுக்கடை. அதை அகற்றச் சொல்லி ஐயா சபையில் கேட்டு, அகற்றுகிறோம் என்று பதிலும் வாங்கியிருந்தார். அவருடைய அரசியல் வாழ்க்கையில் எழுத்தில் கிடைத்த ஒரே வாக்கு அதுதான். கடை போகும்வரை அந்தத் தெருவில் காலெடுத்து வைப்பதில்லை என்று சபதமும் செய்து, பல வருடமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டே போய்வந்தார். இப்போது குழு திருவண்ணாமலைக்கே வருகிறது.

"ஏழுமலை, அந்தக் கடை இன்னும் அங்கதான் கீதான்னு நீயே நேர்ல போய்ப் பாரு" என்றார். "இருந்துதுன்னா குழு முன்னாடி வச்சி நான் வுட மாட்டேன். ஆனா நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா எனுக்கு மூஞ்சி இருக்காது, உனுக்கு வேலை இருக்காது."

கட்சிக்காரர்களைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் ஐயா முன்னால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். கடை எங்கே இருக்கிறது என்று சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று ஐயா கேட்பார்.

அதனால் மூன்று நாள் எதிரே இருந்த சலீம் பாய் டீக்கடையில் உட்கார்ந்து நானே வேவு பார்த்தேன். கட்டடம் அங்கேயே இருந்தது. பச்சைக் கம்பிக் கதவும் இருந்தது. பெயர்ப்பலகை மட்டும் இல்லை. அதை மாட்டியிருந்த துருப்பிடித்த ஆணிகள் இரண்டு சுவரில் நீட்டிக்கொண்டிருந்தன. குழு வருகிறது என்று தெரிந்து பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். காலை பத்து மணிக்குச் சிலர் அக்கம்பக்கம் பார்க்காமல் உள்ளே போனார்கள். செருப்பை வாசலிலேயே விட்டார்கள். (ஓட வேண்டியிருந்தால் சத்தம் கேட்கக் கூடாதே.) ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோதுதான் கவனித்தேன். கண் பாதி மூடியிருந்தது. நடை தளர்ந்திருந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்து ஐந்து நிமிடம் அப்படியே நின்றார். ஒரு பெண் நடைபாதையில் உட்கார்ந்து யாருமில்லாத பக்கமாகப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் சித்தப்பா கரண்ட் கம்பத்தைக் கட்டிப்பிடிப்பதும் அதே பாணிதான். எனக்குச் சாட்சி வேறு வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் படித்தவன் அல்லவா, விசாரித்தேன்.

"பாய், உள்ள இன்னா நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலபா. சும்மா உக்காந்துக்கினு இருப்பாங்க. கொஞ்ச நேரம் படுப்பாங்க. போயிடுவாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா உக்கார அவுங்க ஊர்ல எடம் இல்லியா?"

"அதத்தான் நானும் கேக்குறேன். டீகூட குடிக்க மாட்டேங்குறாங்கபா, பால் ஆகாதாம். கடை இருந்தப்ப எனுக்கு யாபாரம் ஜாஸ்தி. இப்போ ரொம்ப கம்மி."

'இருந்தப்ப' என்றார். எவ்வளவு இயல்பாகச் சொன்னார் என்று வியந்தேன். யாரோ சொல்லிக்கொடுத்து, பல தடவை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பக்கச் சந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எண்ணினேன், பதினான்கு பேர். ஆணும் பெண்ணுமாகத் தரையில் மல்லாந்து, கை கால் விரித்து, கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார்கள். மணி பத்தரை. சுவரோரம் வரிசையாகப் பாட்டில்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினேன்.

இதற்கு நடுவில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஜெயந்தி மேடம் என்ற உதவியாளர் என்னை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "சார், அந்த மதுக்கடை ஐட்டத்துக்கு பதில் ரெடி சார். ஐயாவ ஒரு தடவை பாத்துடச் சொல்லுங்க." பார்க்கலாம் என்றேன். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாள் நேரிலேயே வந்து கவரைக் கொடுத்தார்.

"ரெண்டே வரிதான் சார். நீங்களாச்சும் படிச்சுடுங்க."

இரண்டு வரியைப் படிக்கச் சொல்லி ஓர் அரசு ஊழியர் மூன்று நாள் அலைவாரா? இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. பதிலை வாங்கிக்கொண்டோம் என்று ஆகிவிட்டால் விஷயத்தை முடித்துவிடுவார்கள். கவரைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தவன் அந்த இரண்டு வரியைப் படிக்கவில்லை.

ஐயாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பொம்பளைங்ககூட படுத்துக் கெடக்குறாங்களேடா" என்றார். நிகழ்ச்சி நிரலில் போட்டால் சுத்தம் செய்துவிடுவார்கள், திடீரென்று போக வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். அங்கே போய்ப் பேச வேண்டியதையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

குழு வந்தது. தலைவர் தெற்கு மாவட்டத்துக்காரர், வயதானவர், கிரிவலம் போகலாமா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் மதுக்கடை ஐட்டம் வந்ததும் அதிகாரி ஒருவர் பதில் சொல்ல எழுந்தார். ஐயா கையைத் தூக்கினார். "பதில் வேணாம். இப்பவே நேர்ல போய்ப் பாப்போம்."

பின்வரிசையில் நின்ற ஜெயந்தி மேடம் என்னைப் பார்த்து, "சார்..." என்று ஆரம்பித்தார்.

"மேடம், ப்ளீஸ்" என்றேன். அந்த இரண்டு சொல்லை எவ்வளவு மிடுக்காகச் சொன்னேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. மறக்கத்தான் முடியவில்லை.

முன்னால் என் பைக், பின்னால் குழுவின் பஸ், அதற்குப் பின்னால் ஆறு ஜீப். தெருமுனையில் பஸ் நின்றது. ஐயா இறங்கித் தயங்கினார். "கடை இருக்கும்போது எப்பிடிடா கால் வைக்கிறது? சபதம்?"

"இது ஆய்வு ஐயா. அதுல வராது" என்றேன். தைரியம் வந்து நடந்தார். கதவைத் தள்ளினார். நான் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் முழங்கினார்.

"பெண் பிள்ளைகள் படிக்கும் தெருவில், பட்டப்பகலில், இப்படி விழுந்து கிடக்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா?"

யாரும் அசையவில்லை. ஊதுவத்தி மணத்தது. முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த நரைத்த தலை வெள்ளைக்கார அம்மா மெதுவாகக் கண்ணைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் குழுவின் கால்களைக் காட்டினார். ஒன்பது உறுப்பினர்களும் வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். சுவரோரம் இருந்தவை தண்ணீர் நிரப்பிய செப்புப் பாட்டில்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இது தியான வகுப்பு என்று என் கால் முதலில் புரிந்துகொண்டு தானாகவே செருப்பை உதறியது. மூளைக்குப் பிறகுதான் எட்டியது.

ஐயாவுக்கு இன்னும் புரியவில்லை. இரண்டாவது பத்திக்கு மூச்சை இழுத்தார். அப்போது ஜன்னலோரம் படுத்திருந்த ஓர் அம்மாள், கண்மேல் கிடந்த துண்டை ஒரு பக்கம் மட்டும் தூக்கிப் பார்த்தார்.

"ஏங்க, கத்தாதீங்க. இன்னும் பத்து நிமிஷம் கீது."

ஐயாவின் வீட்டம்மா.

அந்த மூச்சை ஐயா அப்புறம் எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியாது. "நீ இங்க இன்னா பண்ற?" என்று கேட்டார், அதுவும் கிசுகிசுப்பாக.

"முதுகுவலிக்கு. நாலு மாசமா வர்றேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க இந்தத் தெருவுக்கு மட்டும் வர மாட்டீங்கன்னுதானே இங்க சேந்தேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் துண்டை மறுபடி இறக்கிக்கொண்டார்.

குழுத் தலைவர் நிலைமையைப் பார்த்தார். ஒரு பாயில் உட்கார்ந்தார். பிறகு படுத்தார். தலைவர் படுத்தபின் உறுப்பினர்கள் நிற்பது மரபில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, ஒவ்வொருவராகப் படுத்தார்கள். பத்தாவது நிமிடம் தலைவரின் குறட்டை மட்டும் கேட்டது. ஐயா மட்டும் நடுவில் நின்றார், கையில் என் பேச்சோடு.

வெளியே வந்தேன். ஜெயந்தி மேடம் கைப்பையிலிருந்து நகலை எடுத்து நீட்டினார். இரண்டே வரி: 'மேற்படி மதுக்கடை எட்டு மாதங்களுக்கு முன்னரே அகற்றப்பட்டுவிட்டது. அக்கட்டடத்தில் தற்போது தியான வகுப்பு நடைபெறுகிறது.'

"மூணு தடவை சொன்னேன் சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

தலைவர் முகம் மலர்ந்து வெளியே வந்தார். "எத்தனையோ ஊரு போயிருக்கேன். சொன்னதைச் செஞ்சிருக்காகன்னு நேர்ல பார்த்தது இன்னைக்குத்தான்" என்று ஐயாவின் கையைக் குலுக்கினார். அறிக்கையிலும் அப்படியே ஏறியது: 'குழு நேரில் பார்வையிட்டது. உறுதிமொழி நிறைவேற்றப்பட்டுள்ளது. அப்பகுதியில் நல்ல அமைதி நிலவுகிறது.' ஐயா ஜெயித்துவிட்டார். ஆனால் திரும்பும்போது காரில் அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நான் பைக்கை டீக்கடையிலேயே விட்டுவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

"ஏழுமலை, நாளையிலருந்து நீ..." என்று ஐயா ஆரம்பித்தார்.

"வரட்டும்" என்றார் பின்சீட்டிலிருந்த வீட்டம்மா. "அந்தப் புள்ள இல்லன்னா நீங்க இன்னும் அஞ்சு வருஷம் அந்தத் தெருவ சுத்திக்கினேதான் இருந்திருப்பீங்க. கடை போனதே உங்களுக்குத் தெரியாது. இதுல சபதம் வேற."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அந்த கலெக்டர் ஆபீசு அம்மா குடுக்கிற காயிதத்தையெல்லாம் இனிமே எம் முன்னாடி சத்தமா படிக்கணும்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை ஜெயந்தி மேடம் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும், தேதியிலிருந்து தொடங்கி 'நகல்' வரைக்கும், நின்றுகொண்டு வாசிக்கிறேன். நிலைப்பாடுகள் ஃபைலிலும் ஒரு பக்கம் கூடியிருக்கிறது. 'தியானம்: எதிர்ப்பு இல்லை' என்று ஐயாவே சொல்லி எழுத வைத்தார்.

கதை ஐயா வீட்டம்மா வழியாக எங்கள் ஊருக்கும் போய்விட்டது. அப்பா இப்போதும் 'பையன் சட்டசபையில கீறான்' என்றுதான் சொல்கிறார். ஆனால் சொல்லிவிட்டு அவரே சிரித்துவிடுகிறார். எனக்குக் கல்யாணமான பிறகாவது இது அடங்கும் என்று நினைத்தேன். மாமனார் மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர், பகலில்தான் தூங்குவார். நான் மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டதும், என் மனைவி உள்ளிருந்து குரல் கொடுக்கிறாள்:

"அப்பா, கமிட்டிக்காரு வந்துட்டாரு. கைய கால ஆட்டிக்கினே படு."