மகள் தைத்த கோட்டும் நான் செய்த தர்மமும்

வினிபெக்,
பிப்ரவரி மாதம், பனி கொட்டும் ஒரு வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய அக்கா டாரியாவுக்கு,

தம்பி ஓரெஸ்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எட்மன்டனில் நீயும் அத்தானும் முட்டிவலி குறைந்து சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பொய் சொல்லப் பேனா வரவில்லை. சனிக்கிழமையிலிருந்து எனக்கு அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி. எல்லாம் உன் மருமகள், என் மகள் ஸீனியாவால். இல்லை, என்னால்.

துணி வடிவமைப்புப் படிப்பை முடித்துவிட்டு அவள் ஒரு வருஷமாக வேலை தேடுவது உனக்குத் தெரியும். சாதாரணக் கம்பெனி வேண்டாமாம். தைக்கிறவள் வயிற்றில் அடிக்காத, ஊரைக் குப்பைமேடாக்காத இடத்தில்தான் கால் வைப்பாளாம். நம் ஊரிலேயே அப்படி ஒன்று இருந்தது. பழைய துணியை வெட்டிப் புதுசு தைக்கிறார்கள். ஒவ்வொரு உடுப்புக்குள்ளும் பெயர் எழுதிய ஒரு துணிப்பட்டி: வெட்டியது இன்னார், தைத்தது இன்னார், பொத்தான் வைத்தது இன்னார். கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பேர் இருக்காது. அங்கே ஒரே ஒரு பயிற்சியாளர் இடம் காலி. வீட்டில் கழித்துப் போட்ட துணியில் தானே தைத்ததைப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்கு வர வேண்டும். "இதுவும் போச்சுன்னா ஊசியையே தொட மாட்டேம்ப்பா" என்றாள்.

சனிக்கிழமை சர்ச்சில் பழைய சாமான் விற்பனைக்குத் தர நிலவறையை ஒழித்தேன். தையல் மெஷின் பக்கத்தில் ஒரு கந்தல் கிடந்தது. என் பஸ் டிரைவர் கோட்டு பாதி, ஜன்னல் திரை பாதி, உள்துணி வெளியே, நூல் தொங்குகிறது, முதுகில் வேண்டுமென்றே விட்டது போல ஓட்டைகள். முப்பது வருஷம் ஒரு பொத்தான் குறையாமல் சீருடை போட்டு பஸ் ஓட்டியவன் நான், இதை மனுஷன் போடுகிற துணி என்று எப்படி நினைப்பேன், நீயே சொல்லு. மூட்டையில் போட்டுக் கொடுத்துவிட்டு, தர்மம் செய்த திருப்தியில் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு மத்தியானம் அவள் வந்து, "அப்பா, மெஷின்கிட்ட இருந்த கோட்டு எங்கே?" என்றாள்.

"கோட்டா? கந்தல்தான் இருந்துச்சு. சர்ச்சுக்குக் குடுத்துட்டேன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், அக்கா. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை நேர்காணல்!

அவளை இழுத்துக்கொண்டு காரைக் கிளப்பினேன் பாரு, குளிருக்காக எஞ்சினைச் சூடாக்க மாட்டியிருந்த மின்வயரைப் பிடுங்க மறந்து தெரு முழுக்க இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எதிர்வீட்டு மைரன், "என்ன ஓரெஸ்ட், நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?" என்று கத்துகிறான். சர்ச் நிலவறையில் பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு மடிக்கிற பெண்கள். அவர்கள் தலைக்கு மேலே கம்பியில் கோட்டு தொங்கியது. போன உயிர் வந்தது. கிட்டே போனதும் வந்த உயிர் மறுபடி போனது. ஓட்டை எல்லாம் அடைத்து, நூலை நறுக்கி, உள்துணியை உள்ளே திருப்பி, கழுத்தில் முயல் ரோமம் வைத்துத் தைத்திருந்தார்கள்!

திருமதி ஸ்டெஃபானியுக் மாவுக்கையோடு, "யாரோ தையல் வராத புள்ள, பாவம், கண்டபடி தைச்சு வச்சிருந்தா. நாங்க நாலு பேரா உக்காந்து மனுஷன் போடற மாதிரி ஆக்கினோம்" என்றாள். பக்கத்தில் நின்ற ஸீனியாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதில் கோட்டைத் திருப்பித் தர அந்தம்மா என்னிடமே அஞ்சு டாலர் கேட்டாள். "சர்ச் காசு தம்பி, உனக்குன்னு விட முடியுமா?"

வீட்டுக்கு வந்ததும் "பிரிச்சிடேம்மா" என்று கெஞ்சினேன். "அவங்க உக்காந்து போட்ட தையலை நான் எப்படிப்பா பிரிப்பேன்?" என்றாள். திங்கள் காலை அதையே போட்டுக்கொண்டு கிளம்பினாள். கம்பெனி வாசலில் காருக்குள் காத்திருந்த என்னை, விறைத்துப் போவேன் என்று பாவப்பட்டு உள்ளே உட்கார வைத்தார்கள். ஒரே பெரிய கூடம், எல்லாம் காதில் விழுந்தது. முதலாளியம்மா பிரையனி, சின்னப் பெண்தான், கோட்டைத் தடவிப் பார்த்து, "இதுல யார் யார் கை பட்டிருக்கு?" என்றாள். ஸீனியா ஒன்று விடாமல் சொன்னாள்.

"அவங்களுக்கெல்லாம் என்ன கூலி குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

அந்தக் கூடமே திடுக்கிட்டது அக்கா, நான் ஏதோ கொலைகாரியைப் பெற்றவன் போல எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "கூலி குடுக்கலைங்கறது சரி, ஆனா அவங்கதான் எங்கிட்ட அஞ்சு டாலர் வாங்கினாங்க!" என்று கத்திவிட்டேன். ஸீனியா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நிதானமாக, "நீங்க கேட்டது நியாயம்தாங்க. இந்தப் பயிற்சி இடத்துக்கு என்ன சம்பளம்?" என்றாள்.

பிரையனிக்கு முகம் சிவந்தது. "முதல் ஆறு மாசம்... அனுபவம் கிடைக்கும்."

அனுபவமா! நான் பஸ் ஓட்டப் பழகிய முதல் நாளே சம்பளம் கொடுத்தார்களே! "அப்போ பட்டியில என் பேரு வரும்போது, இவளுக்கு என்ன கூலின்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள் என் மகள். பிரையனி மேஜையில் கிடந்த பட்டிகளை அடுக்கத் தொடங்கினாள். ஸீனியா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். காரில் ஏறியதும் அழுதாள். நானும் அழுதேன், அதை அத்தானிடம் சொல்லாதே.

அதனால் அக்கா, உன் மாப்பிள்ளையின் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை காலி என்றாயே, அதை இவளுக்குக் கேட்டு வை. "சரிப்பா" என்று ஒத்துக்கொண்டுவிட்டாள். அந்தச் 'சரி'தான் என்னை அறுக்கிறது. தையல் மெஷினை நானே நிலவறை மூலைக்குத் தள்ளிப் போர்வை போட்டு மூடிவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். உன் வாசல் பனி எங்கள் வாசல் பனிக்கு முன்னால் உருகட்டும்.

இப்படிக்கு,
இடிந்து போயிருக்கும் தம்பி,
ஓரெஸ்ட் ஹாவ்ரிலியுக்

பின்குறிப்பு: மாப்பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதே! கேட்டிருந்தால் தம்பிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொல். தபால்தலை ஒட்டும்போது பிரையனி போன் செய்தாள். மூன்று நாளாக வெட்கத்தில் தூக்கம் இல்லையாம். இனி பயிற்சிக்கு யார் வந்தாலும் முதல் நாளிலிருந்தே சம்பளமாம். இடம் ஸீனியாவுக்குத்தான்! திருமதி ஸ்டெஃபானியுக் கோஷ்டிக்கும் கூலி வருகிறது. முயல்கழுத்துக் கோட்டை அவர்கள் கடை வாசலில் தொங்கவிடப் போகிறார்கள். முறைப்படி பட்டி வேண்டுமே, அதை ஸீனியா இப்போதுதான் எழுதி முடித்தாள். எட்டிப் பார்த்தேன். 'வெட்டித் தைத்தது: ஸீனியா. ஓட்டை அடைத்தது: திருமதி ஸ்டெஃபானியுக்கும் தோழிகளும். கந்தல் என்று தூக்கிப் போட்டது: அப்பா ஓரெஸ்ட்.' ஊரே படிக்கப் போகிறது, அக்கா. மெஷினை மறுபடி மேலே தூக்கி வந்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டதே, அதை மட்டும் அவள் எழுதவில்லை.