என் ‘நோ’ ஒரு கணவனின் ‘நோ’

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

குயியாங்கிலிருந்து தங்கள் தங்கை கணவன் கோங் தேஷெங் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. தங்கள் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்றும், கூண்டுக் குருவி காலையில் தவறாமல் பாடுகிறது என்றும், மிளகாய் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை ஏறவில்லை என்றும் நம்புகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அடிப்பிடித்த சோற்றின் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து எழுதுவதால் அந்த முறையை இந்த ஒருமுறை மீறுகிறேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், பட்டப்பகலில், பொதுப் பூங்காவில், பலர் காது கேட்க, எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் சொன்னேன். தங்கள் தங்கை ரூஃபாங் பெட்டியும் கையுமாகத் தங்கள் வீட்டில் வந்து இறங்கியிருப்பது இதனால்தான். தாங்கள் காலமெல்லாம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர். இந்த வழக்கில் இலக்கணம் தெரிந்த நீதிபதி நம் குடும்பத்தில் தாங்கள் ஒருவர்தான். நான் சொன்ன ‘நோ’ எப்படிப்பட்ட ‘நோ’ என்று அவளுக்கு எடுத்துச் சொல்லி அடுத்த பேருந்தில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

நடந்தது இதுதான். எங்கள் குடிநீர் நிலையத்தில் மூத்த பொறியாளர் பதவி வேண்டுமென்றால் ஆங்கிலப் பரீட்சை தேற வேண்டும். தண்ணீருக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது, கேட்டவன் தேறியதில்லை. போன தடவை நான் கோட்டை விட்டேன். என்னிடம் வால்வு திருகக் கற்றுக்கொண்டவன் தேறிவிட்டு இப்போது என் தோளைத் தட்டி “பரவால்ல கோங் அண்ணே” என்கிறான். அந்த ரோஷத்தில் வீடு முழுக்க ஆங்கிலச் சொற்களை எழுதி ஒட்டினேன். நம் ஆங்கிலச் சொல் புத்தகங்களில், தங்களுக்கே தெரியுமே, முதல் வார்த்தை ‘அபேன்டன்’, கைவிடு. நான் ஒவ்வொரு வருஷமும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து இரண்டாம் பக்கத்தில் கைவிடுவதால், அந்த ஒரு சொல் மட்டும் எனக்கு எழுத்துப் பிசகாமல் வரும். அதைப் பெரிதாக எழுதி, காலையில் சவரம் செய்யும்போது கண்ணில் படட்டும் என்று கண்ணாடியில் ஒட்டினேன். அது ரூஃபாங் தலை வாரும் கண்ணாடியும்கூட என்பது எனக்குத் தோன்றவில்லை.

இதில் வாய்மொழித் தேர்வு வேறு. அதற்காகத்தான், இந்த இடத்தை அவளுக்கு நிறுத்திப் படித்துக் காட்டவும், அதற்காக மட்டுமேதான் ஞாயிறுதோறும் பூங்காவில் ஆங்கிலம் பேசிப் பழகும் கூட்டத்துக்குப் போனேன். அங்கே பான் டீச்சர் என்று ஒருவர், புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். முடியை அலை அலையாகச் சுருட்டிவிட்டிருப்பார். வழக்குக்குத் தேவையில்லாத விவரம், அடித்துவிடவும். யாரைக் கண்டாலும் ஜோடி சேர்த்து வைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அன்று என்னைப் பார்த்து, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பதறிப்போய் “நோ! நோ!” என்றேன். நம் சீன வழக்கப்படி, கேட்டவர் நினைப்பது தப்பென்றால் ‘இல்லை’ என்போம், சரியென்றால் ‘ஆமாம்’ என்போம். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு! ஆங்கிலேயன் கேட்டவரையே மதிப்பதில்லை மச்சான். நீங்கள் என்ன நினைத்தால் எனக்கென்ன, ஆகவில்லை என்றால் ‘நோ’, அவ்வளவுதான். ஆக அந்தக் கணமே நான் பிரம்மச்சாரி ஆனேன்.

சரி, மனைவியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் தெளிந்துவிடும் என்று பேச ஆரம்பித்தேன். நாம் பிறந்ததிலிருந்து சீன மொழியில் அவனுக்கும் ‘தா’, அவளுக்கும் ‘தா’, தேநீர்க் கெட்டிலுக்கும் ‘தா’ என்று நிம்மதியாகக் காலம் தள்ளியவர்கள். அவசரத்தில் எனக்கு ஆண்பிள்ளையைக் குறிக்கும் ‘ஹீ’தான் வந்தது. வீட்டில் அவர் சமைக்கிறார், அவர் துவைக்கிறார், அவர் என்னைத் திட்டுகிறார், அரிசி மூட்டையை ஒரு கையால் தூக்குகிறார் என்று மனைவியின் பெருமையெல்லாம் பாடினேன். என்னோடு இப்படியொரு தங்கமான ஆண்பிள்ளை குடியிருக்கிறான் என்று பான் டீச்சர் கண் பளபளத்தது. கணவரை இழந்த தங்கை ஒருத்தி இருக்கிறாளாம், வெந்நீர்கூட வைக்கத் தெரியாதாம். “ஞாயித்துக்கிழமை நாங்க வந்தா அவருக்குப் பிடிக்காதா?” என்று கேட்டார். ஞாயிறு ரூஃபாங்குக்கு மாஜோங் காய் ஆடும் நாள் என்பது தங்களுக்குத் தெரியாததா? பிடிக்கவே பிடிக்காது என்பதற்காக “எஸ், எஸ், எஸ்!” என்று மூன்று தடவை தலையாட்டினேன். ஆங்கிலத்தில் அது ‘பிடிக்கும், வாருங்கள்’ ஆகிவிட்டது. நம் மொழியில் விளக்கியிருக்கலாமே என்பீர்கள். அந்தக் கூட்டத்தில் தாய்மொழியில் ஒரு சொல் விழுந்தாலும் எல்லார் முன்னும் பாட வேண்டும். என் பாட்டை எங்கள் கல்யாணத்தில் கேட்டவர் தாங்கள். ஊர் நன்மைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறன்று கதவு தட்டப்பட்டது. பான் டீச்சர், கூச்சத்தோடு அவர் தங்கை, ஒரு கூடை ஆரஞ்சு, மாப்பிள்ளைக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிப் பனியன். ரூஃபாங்தான் கதவைத் திறந்தாள்.

“யாரைப் பார்க்கணும்?”

“இந்த வீட்டுல சமைச்சு, துவைச்சு, சத்தம் போடறவங்களைப் பார்க்கணும்மா.”

“அது நான்தான். என்ன விஷயம்?”

“உங்களைக் கட்டிக்க என் தங்கையைக் கூட்டிட்டு வந்தேன்…” என்று பான் டீச்சர் ஆரம்பித்து, பாதியில் தன் காதையே நம்பாமல் நிறுத்தினார். தங்கைக்காரி பனியனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“அப்ப இவருக்குக் கல்யாணம் ஆகலைன்னாரே?” டீச்சரின் விரல் என் பக்கம் திரும்பியது.

“கோங் தேஷெங்!” என்றாள் ரூஃபாங். குடும்பப் பெயரோடு கூப்பிட்டாலே என் சோற்றில் மண் என்று அர்த்தம். “எந்த வாயாலய்யா அப்படிச் சொன்னே?”

“ஆங்கில வாயால,” என்றேன். வேறு என்ன சொல்ல?

“என்னை ஆம்பிளையாக்கிட்டு, நீ கல்யாணமாகாத பையனாயிட்டியா? இரு, இரு. டீச்சரம்மா, என் கண்ணாடியில இந்த ஆளு ஒட்டியிருக்கானே, அது என்ன வார்த்தை?”

பான் டீச்சர் எட்டிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. “கைவிடறதுன்னு அர்த்தம்மா,” என்றார்.

பிறகு பெட்டி கட்டும் சத்தம்தான். விருந்தாளிகளுக்கு மட்டும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டினாள், அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. போகும்போது ஆரஞ்சையும் எடுத்துக்கொண்டாள். இப்போது அங்கே அவள் போட்டுக்கொண்டிருக்கும் சாம்பல் நிறப் பனியன் எங்கிருந்து வந்தது என்று தாங்கள் யோசித்திருந்தால், அது மாப்பிள்ளை பனியன். அவளுக்குக் கச்சிதமாக இருக்குமே, நான் வர்ணித்த அளவுக்குத்தானே எடுத்து வந்தார்கள்.

மச்சான், பதவி போனால் போகட்டும், வால்வு திருகியவன் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கட்டும். அவள் இல்லாத வீட்டில் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. கண்ணாடியில் இருந்த சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன், பாதிதான் வந்தது. நான் மனைவி உள்ளவன்தான் என்று, தாங்கள் விரும்பும் எந்தக் காலத்திலும், எந்த வினைச்சொல்லிலும், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். அவளை அனுப்பி வையுங்கள்.

தங்கள் வீட்டில் அடுப்பும் குருவியும் என்றும் சத்தத்தோடு இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

தங்கள்,
கல்யாணமான,
கோங் தேஷெங்

பி.கு.: இந்தத் துண்டை மட்டும் தாங்கள் தனியாகப் படித்துவிட்டுக் கிழித்துப் போடவும். உறையை ஒட்டும் முன் எங்கள் அலுவலக எழுத்தர் ஃபெங்கிடம், வாய்மொழித் தேர்வு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். “என்ன சார் வாய்மொழி? இந்தப் பரீட்சையில பேச்சே கிடையாதே! வட்டத்துக்குள்ள பென்சிலால தீட்டணும், அவ்வளவுதான். போன தடவையும் நீங்க அதைத்தானே தீட்டிட்டு வந்தீங்க?” என்கிறார். ஆகவே ‘அதற்காக மட்டுமேதான்’ என்ற இடத்தை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.